நெருக்கடி வேளையில் பதிவிடும் உரிமை யாருடையது?

2018 ஜனவரி 13 அன்று காலை 8.07 மணிக்கு, ஏவுகணை ஒன்று தீவுகளை நோக்கி வந்துகொண்டிருப்பதாகவும் உடனே பாதுகாப்பான இடத்தில் ஒதுங்குமாறும் ஹவாய் மக்களின் கைப்பேசிகளுக்கு ஓர் அவசர எச்சரிக்கை வந்தது. அது தவறுதலாக அனுப்பப்பட்டது என்பது அடுத்த சில நிமிடங்களுக்குள்ளேயே ஆளுநர் டேவிட் இகேவுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அவருடைய ட்விட்டர் பக்கத்தில் மறுப்பு வெளியானபோது மணி 8.24 ஆகியிருந்தது. கைப்பேசிகளுக்கு முறையான திருத்தச் செய்தி 8.45 மணிக்குத்தான், அதாவது முதல் எச்சரிக்கைக்கு 38 நிமிடங்கள் கழித்துத்தான், போய்ச் சேர்ந்தது. தம் ட்விட்டர் கணக்கின் கடவுச்சொல் தமக்குத் தெரிந்திருக்கவில்லை என்பதைத் தாமதத்துக்கான காரணங்களுள் ஒன்றாக ஆளுநர் பின்னர் ஒப்புக்கொண்டார்.

பலருக்கு இது வேடிக்கைச் செய்தி. நிறுவனத் தகவல் தொடர்புப் பணியைத் தொழிலாகக் கொண்ட எனக்கு அப்படித் தோன்றவில்லை. நெருக்கடிக் காலத்தில் சமூக ஊடகத்தை எப்படிக் கையாள வேண்டும் என்று யாராவது கேட்டால், எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது, எந்தத் தொனியில் எழுதுவது, எத்தனை பதிவுகள் போடுவது என்பவற்றைப் பற்றித்தான் பேச்சு தொடங்குகிறது. அவை முக்கியமல்ல என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் கவனித்த வரையில், நிறுவனங்கள் சறுக்குவது பெரும்பாலும் எழுத்துத் திறமை இல்லாததால் அல்ல. எழுதியதை வெளியிட யாருக்கு அதிகாரம் உண்டு என்பது அந்த நேரம் வரை முடிவு செய்யப்படாமல் இருந்ததால்தான். வெளியே செய்தி பரவும் வேகத்துக்கும் உள்ளே அனுமதி நகரும் வேகத்துக்கும் இடையிலான தூரத்தில்தான் வதந்தி குடியேறுகிறது.

வழக்கமான ஓர் அறிக்கை எப்படி உருவாகிறது என்பதை உள்ளே இருப்பவர்கள் அறிவார்கள். தகவல் தொடர்புப் பிரிவு வரைவை எழுதும். சட்டப் பிரிவு அதில் பாதியை அடிக்கும். சம்பந்தப்பட்ட துறைத் தலைவர் தம் துறையின் பெயர் வராமல் பார்த்துக்கொள்வார். தலைமை நிர்வாகியின் அலுவலகம் ஒரு பெயரடையை மாற்றித் திருப்பி அனுப்பும். மீண்டும் சட்டப் பிரிவு. மறுநாள் காலை நாளிதழில் வரவேண்டிய செய்திக்கு இந்த நடைமுறை பொருந்தியது. சம்பவ இடத்தில் நின்றுகொண்டிருக்கும் ஒருவர் தம் கைப்பேசியில் எடுத்த காணொளி அரை மணி நேரத்தில் கண்டம் தாண்டும்போது, அதே நடைமுறை நிறுவனத்தின் வாயைக் கட்டிப்போடுகிறது.

2009 ஏப்ரலில் டொமினோஸ் பீட்சா நிறுவனத்துக்கு நேர்ந்தது இதற்குப் பழைய சான்று. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள ஒரு கிளையில் வேலை பார்த்த இருவர், உணவைத் தயாரிக்கும்போது அருவருப்பான செயல்களைச் செய்து, அதைப் படம்பிடித்து யூடியூபில் ஏற்றினார்கள். பெரிதாக எதிர்வினை காட்டினால் அதுவே காணொளிக்கு விளம்பரமாகிவிடும் என்று நிறுவனம் முதலில் தயங்கியது. அந்தத் தயக்கம் காரணமற்றதல்ல; பல சின்னச் சலசலப்புகள் பதில் பெறாமலே அடங்கியும் போகின்றன. ஆனால் இம்முறை பார்வைகளின் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியது, நிறுவனத்துக்கு இது தெரியுமா தெரியாதா என்று வாடிக்கையாளர்கள் ட்விட்டரில் கேட்கத் தொடங்கினார்கள். ஏறத்தாழ இரண்டு நாட்கள் கழித்து, அந்நிறுவனத்தின் அமெரிக்கப் பிரிவுத் தலைவர் பாட்ரிக் டாயில் காணொளி வழியாக மன்னிப்புக் கேட்டார். அந்தக் காணொளியை அவர்கள் யூடியூபிலேயே வெளியிட்டார்கள் என்பது சரியான முடிவு: புகார் எங்கே பரவுகிறதோ அங்கேயே விளக்கமும் இருக்க வேண்டும், ஃபேஸ்புக்கில் எரிவதற்கு நாளிதழில் தண்ணீர் ஊற்றுவதில் பயன் குறைவு. இரண்டு நாள் என்பது அன்றைக்கே தாமதமாகக் கருதப்பட்டது. இன்றைக்கு அதை யாரும் பதிலாகவே எண்ண மாட்டார்கள்.

வேகம் என்றவுடன் சட்டப் பிரிவினர் அஞ்சுவது, அவசரத்தில் தவறான தகவலைச் சொல்லிவிடுவோம் என்பதற்காக. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் வகுத்த நெருக்கடித் தொடர்புக் கோட்பாடுகளில் முதல் மூன்று இவை: முந்திச் சொல்ல வேண்டும், சரியாகச் சொல்ல வேண்டும், நம்பகத்தன்மையுடன் சொல்ல வேண்டும். முதலாவதும் இரண்டாவதும் மோதிக்கொள்வதுபோல் தோன்றும். உண்மையில், முதல் பதிவில் காரணத்தைச் சொல்லப் புகுந்தால்தான் அவை மோதும். என்ன நடந்திருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த பகுதி, பாதிக்கப்பட்டவர்கள் இப்போது என்ன செய்ய வேண்டும் என்பது, நாங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது, அடுத்த தகவல் எத்தனை மணிக்கு வரும் என்பது ஆகிய நான்கும் முதல் பதிவுக்குப் போதும். ஏன் நடந்தது, யார் பொறுப்பு, எவ்வளவு இழப்பு என்பவற்றுக்கு அந்த மணி நேரத்தில் யாரிடமும் விடை இருக்காது. ஆகவே அவற்றைத் தொடாமல் இருப்பதில் மறைப்பு எதுவும் இல்லை. நான்கில் மிகவும் குறைத்து மதிப்பிடப்படுவது கடைசி. மாலை 4 மணிக்கு மீண்டும் தகவல் தருவோம் என்று சொல்லிவிட்டு, 4 மணிக்குப் புதிதாக எதுவும் இல்லையென்றாலும், புதிதாக எதுவும் இல்லை என்பதையாவது பதிவிடும் நிறுவனத்தை மக்கள் நம்புகிறார்கள். அப்படி நேரம் குறிக்காத நிறுவனத்தின் பக்கத்தில், ஒவ்வொரு நிமிடமும் மௌனமாகவே கணக்கிடப்படுகிறது.

இந்த வெற்றிடம் ஏன் ஆபத்தானது என்பதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய ஏறத்தாழ 1,26,000 செய்திகளை ஆராய்ந்த மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள், உண்மைச் செய்தியைவிடப் பொய்ச் செய்தி மறுபகிர்வு பெறுவதற்கான வாய்ப்பு 70 விழுக்காடு அதிகம் என்று 2018இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். அதற்குத் தானியங்கிக் கணக்குகள் காரணமல்ல, மனிதர்களே காரணம் என்பதும் அவர்களுடைய முடிவு. மனிதர்கள் பரப்புகிறார்கள் என்றால் மனிதர்களிடம் முன்கூட்டியே சரியான தகவலைக் கொடுத்து வைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றே நான் அதை வாசிக்கிறேன்.

வேகமாகச் சொல்லியும் சரியாகச் சொல்லியும் தோற்றவர்கள் உண்டு. 2024 ஜூலை 19 அன்று கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக்கின் மென்பொருள் புதுப்பிப்பு ஒன்றில் இருந்த பிழையால் உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்தன. விமானங்கள் ரத்தாயின, மருத்துவமனைகள் தடுமாறின. அதன் தலைமை நிர்வாகி ஜார்ஜ் கர்ட்ஸ் எக்ஸ் (முன்னாள் ட்விட்டர்) தளத்தில் எழுதிய முதல் பதிவு, இது இணையத் தாக்குதல் அல்ல, பிழை கண்டறியப்பட்டுவிட்டது, திருத்தம் வெளியிடப்பட்டுவிட்டது என்று தெரிவித்தது. அனைத்தும் உண்மை. பொறியாளர்களுக்கு அது தேவையான தகவலும்கூட. ஆனால் விமான நிலையத்தில் தரையில் படுத்திருந்தவர்களிடம் வருந்துகிறோம் என்ற ஒரு வரி அதில் இல்லை. மன்னிப்பு அதன் பிறகு தொலைக்காட்சி நேர்காணலில் வந்தது. அதற்குள் மன்னிப்பு இல்லாத பதிவே ஸ்கிரீன்ஷாட்டாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

2017 ஏப்ரலில் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானத்திலிருந்து ஒரு பயணி வலுக்கட்டாயமாக இழுத்துச் செல்லப்பட்ட நிகழ்வு இதைவிடக் கடுமையானது. சக பயணிகள் எடுத்த காணொளிகள் பரவிய பிறகு தலைமை நிர்வாகியின் பெயரில் வந்த முதல் அறிக்கை, பயணிகளுக்கு மாற்று இருக்கை ஏற்பாடு செய்ய நேர்ந்ததற்காக வருத்தம் தெரிவித்தது. ரத்தம் வழிந்த முகத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டவர்களுக்கு அந்த வருத்தம் எப்படி ஒலித்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஊழியர்களுக்குத் தலைமை நிர்வாகி ஆஸ்கர் முனோஸ் அனுப்பிய கடிதம் பயணியின் நடத்தையையே குறைகூறியது. அதுவும் கசிந்தது. முழுமையான மன்னிப்பு மறுநாள்தான் வந்தது. உள்சுற்றுக்கு ஒரு மொழி, வெளியுலகுக்கு ஒரு மொழி என்ற பழைய ஏற்பாடு இனிச் செல்லாது என்பதற்கு இந்தக் கடிதத்தை நான் பயிற்சி வகுப்புகளில் சுட்டுவதுண்டு. ஊழியர்களுக்கு எழுதப்படும் ஒவ்வொரு வரியும் பொதுவெளிக்கு எழுதப்படும் வரியே.

எவ்வளவு பொறுப்பை ஏற்பது என்பதில் திமோதி கூம்ஸ் என்ற ஆய்வாளர் உருவாக்கிய வகைப்பாடு இன்னும் பயன்படுகிறது. நிறுவனமே பாதிக்கப்பட்டதாக இருக்கும் நெருக்கடி, விபத்தாக நேர்ந்த நெருக்கடி, தவிர்த்திருக்கக் கூடிய நெருக்கடி என்று அவர் மூன்றாகப் பிரித்தார். மக்கள் நம்மீது சுமத்தும் பொறுப்பு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு நம் பதிலில் ஏற்பும் ஈடும் கூட வேண்டும் என்பது அதன் சாரம். இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றே. எந்த வகை என்பதைத் தீர்மானிப்பவர் நிறுவனத்தின் வழக்கறிஞர் அல்லர். பின்னூட்டங்களைப் படித்தால், எந்த வகை என்று மக்கள் ஏற்கெனவே முடிவுசெய்துவிட்டது தெரியும்.

படிப்பது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலான நெருக்கடித் திட்டங்களில் அதற்கு ஆளே ஒதுக்கப்படுவதில்லை. பதிவிட ஒருவர் இருப்பார், ஒப்புதல் தர ஐவர் இருப்பார்கள், வந்து குவியும் கேள்விகளை வாசித்து இவற்றுள் எது திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறது என்று சொல்ல எவரும் இருக்க மாட்டார். 2011 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து வெள்ளத்தின்போது அம்மாநிலக் காவல் துறை இதை முறையாகச் செய்தது. ஃபேஸ்புக்கிலும் ட்விட்டரிலும் பரவும் வதந்திகளைக் கண்காணித்து, கட்டுக்கதையை உடைக்கிறோம் என்ற பொருள்படும் ஹேஷ்டேக்கின் கீழ், ஒவ்வொன்றையும் ஒற்றை வரியில் மறுத்தது. வைவன்ஹோ அணை உடையப்போகிறது என்ற வதந்தி அவற்றுள் ஒன்று. 2016 ஜூலை 22 அன்று மியூனிக் நகர வணிக வளாகத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது, நகரின் வேறு பல இடங்களிலும் சுடுகிறார்கள் என்ற பொய் பரவிய இரவில், அந்நகரக் காவல் துறை ஜெர்மன், ஆங்கிலம், பிரெஞ்சு, துருக்கி ஆகிய நான்கு மொழிகளில் பதிவிட்டது. காவலர்களின் நடமாட்டத்தைப் படமெடுத்துப் பகிர வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டது. இவ்விரண்டு துறைகளிலும் கணக்கைக் கையாண்டவர்களுக்கு ஒவ்வொரு வரிக்கும் மேலிடத்தின் கையொப்பம் தேவைப்பட்டிருந்தால் அந்த வேகம் சாத்தியமாகியிருக்காது. வணிக நிறுவனங்கள் அரசுத் துறைகளைவிட விரைவானவை என்ற எண்ணம் பொதுவாக உண்டு. இந்த விஷயத்தில் நான் கண்டது பெரும்பாலும் எதிர்மாறானது.

ஒரு வரைவை வெட்டி ஒட்டி நூறு பேருக்கு ஒரே பதிலை அனுப்புவது மக்களின் குரலைக் கேட்பதாகாது. கோபத்தில் இருப்பவர் அடுத்தவருக்கு வந்த பதிலையும் படிக்கிறார்.

கணக்குகளின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதற்கு வருவோம். 2013 ஜனவரியில் திவால் நடவடிக்கையில் இருந்த பிரிட்டனின் இசை விற்பனை நிறுவனமான எச்எம்வியில் ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்தபோது, அந்நிறுவனத்தின் அதிகாரபூர்வ ட்விட்டர் கணக்கிலிருந்தே ஊழியர் ஒருவர் அதை நேரடியாக அறிவித்துக்கொண்டிருந்தார். ட்விட்டரை எப்படி மூடுவது என்று மேலாளர் ஒருவர் கேட்டதும்கூட அந்தப் பக்கத்திலேயே வெளியானது. இதிலிருந்து, கடவுச்சொல்லை மேலிடம் பூட்டி வைக்க வேண்டும் என்ற முடிவுக்கு வருபவர்கள் ஹவாய் ஆளுநரின் நிலையில் போய் நிற்பார்கள். கணக்கைத் திறக்கக் கூடியவர்கள் இரவு பகல் எந்நேரமும் குறைந்தது இருவராவது இருக்க வேண்டும், அவர்களுடைய பெயர்கள் எழுதப்பட்டிருக்க வேண்டும், ஒருவர் விலகும் அன்றே அவருடைய அணுகல் உரிமை நீக்கப்பட வேண்டும். இதைவிடச் சலிப்பான வேலை நம் துறையில் இல்லை, ஆகவேதான் செய்யப்படாமல் கிடக்கிறது. முன்கூட்டியே நேரம் குறித்து வைத்த விளம்பரப் பதிவுகளை ஒரே அழுத்தில் நிறுத்தும் வழியும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2018 ஏப்ரலில் சவுத்வெஸ்ட் விமானம் ஒன்றின் இயந்திரம் நடுவானில் வெடித்து ஒரு பயணி இறந்தபோது, அந்நிறுவனம் சமூக ஊடகங்களிலிருந்து தன் விளம்பரங்களை விலக்கிக்கொண்டது. இரங்கல் பதிவுக்குக் கீழே சலுகைக் கட்டண விளம்பரம் மின்னினால் எத்தனை உருக்கமான இரங்கலும் கேலிப்பொருளாகிவிடும்.

பதிவிடும் அதிகாரத்தைக் கீழே கொடுப்பதில் ஆபத்து இல்லை என்று நான் வாதிடவில்லை. 2017இல், மக்களின் கடன் விவரங்களைத் திரட்டும் ஈக்விஃபேக்ஸ் நிறுவனத்திடமிருந்து ஏறத்தாழ 14.7 கோடி அமெரிக்கர்களின் தனிப்பட்ட விவரங்கள் திருடப்பட்ட பிறகு, பாதிக்கப்பட்டவர்களுக்கென்று நிறுவனம் ஒரு புதிய இணையதளத்தைத் தொடங்கியது. வாடிக்கையாளர்களுக்கு ட்விட்டரில் பதில் சொன்ன ஊழியர், அத்தளத்தின் பெயரில் உள்ள சொற்களை முன்பின்னாக மாற்றி எழுதி, வேறொருவர் நடத்திய போலித் தளத்தின் முகவரியைப் பலமுறை கொடுத்துவிட்டார். நல்ல வேளையாக, இப்படி ஏமாற்றுவது எவ்வளவு எளிது என்று காட்டுவதற்காகவே ஒரு மென்பொருளாளர் அத்தளத்தை உருவாக்கியிருந்தார். திருடர் கையில் அது இருந்திருந்தால் முதல் நெருக்கடிக்குள் இரண்டாவது பிறந்திருக்கும். ஊழியரைக் குறைசொல்லி இதைக் கடந்துவிடலாம். ஆனால் நிறுவனத்தின் நிலையான முகவரிக்குள்ளேயே ஒரு பக்கத்தை ஒதுக்காமல், யார் வேண்டுமானாலும் போலி செய்யக் கூடிய புதுப் பெயரைத் தேர்ந்தெடுத்தது மேலிடம்தான்.

இந்த இடத்தில், சமூக ஊடகத்தை மட்டுமே நம்பி நிற்பதும் சரியல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை முடங்கியபோது, சேவைகளின் நிலையைக் காட்டும் பக்கமே அந்தச் சேமிப்பைச் சார்ந்திருந்ததால் அதைப் புதுப்பிக்க முடியவில்லை. நிறுவனம் ட்விட்டருக்குப் போனது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் செயலிழந்தபோது, ஊழியர்களின் உள் கருவிகளும் சேர்ந்தே விழுந்தன. உலகின் மிகப் பெரிய சமூக ஊடக நிறுவனம் போட்டியாளரான ட்விட்டரின் தளத்தில் நின்று மன்னிப்புக் கேட்டது. அந்தத் தளமும் கைவிடக் கூடியதே. 2020 ஜூலை 15 அன்று ட்விட்டரில் பிரபலங்களின் கணக்குகள் கைப்பற்றப்பட்டபோது, சரிபார்க்கப்பட்ட கணக்குகள் அனைத்தும் சில மணி நேரம் பதிவிட முடியாமல் தடுக்கப்பட்டன. அமெரிக்க வானிலைச் சேவையின் அலுவலகம் ஒன்று சூறாவளி எச்சரிக்கையைக்கூட அங்கே வெளியிட இயலாமல் போனது. 2022 நவம்பரில், கணக்கு உண்மையானது என்பதற்கு அடையாளமாக ட்விட்டரில் இருந்த நீலக் குறியீடு பணத்துக்குக் கிடைக்கத் தொடங்கியவுடன், எலை லில்லி மருந்து நிறுவனத்தின் பெயரில் உருவான போலிக் கணக்கு இன்சுலின் இனி இலவசம் என்று அறிவித்தது. உண்மையான நிறுவனம் மறுப்பு வெளியிட வேண்டியதாயிற்று. எனவே, நிறுவனத்தின் முக்கியச் சேவைகளுடன் சேர்ந்து விழாத வேறொரு சர்வரில், மக்கள் ஏற்கெனவே அறிந்த முகவரியின்கீழ், ஒரு எளிய பக்கம் இருக்க வேண்டும். முழுத் தகவல் அங்கேயும் அதற்கான சுட்டி எல்லாச் சமூக ஊடகங்களிலும் என்ற ஏற்பாட்டில், ஒரு திருத்தத்தைப் பல இடங்களில் தேடித் தேடிச் செய்ய வேண்டிய தொல்லையும் இல்லை.

நகைச்சுவை பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். 2011இல் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்க ஊழியர் ஒருவர் தம் சொந்தக் கணக்கென்று எண்ணி மது அருந்துவதைப் பற்றிச் சங்கத்தின் கணக்கில் எழுதிவிட்டார். சங்கம் அதை நீக்கிவிட்டு, நாங்கள் நிதானமாகத்தான் இருக்கிறோம் என்ற பொருளில் ஒரு குறும்பான பதிலைப் போட்டது, நன்கொடைகூட வந்தது. யாருக்கும் காயம் இல்லை, ஆகவே சிரிக்க முடிந்தது. காயம் இருக்கும் இடத்தில் இந்த வழிக்கே போகக் கூடாது.

உயிரிழப்பு நேரும்போது வரிசை மாறுகிறது. குடும்பத்தினருக்குத் தெரிவதற்கு முன் உலகுக்குத் தெரியக் கூடாது, ஊழியர்கள் செய்தியைத் தங்கள் கைப்பேசியில் பார்த்து அறியக் கூடாது. 2014 மார்ச் 24 அன்று, காணாமல்போன எம்எச்370 விமானத்தில் இருந்த எவரும் உயிர் பிழைத்திருக்க வாய்ப்பில்லை என்பதை உறவினர்களில் ஒரு பகுதியினருக்கு மலேசிய ஏர்லைன்ஸ் குறுஞ்செய்தியாகவும் அனுப்பியது பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. பொது அறிவிப்புக்கு முன் அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்ற நோக்கம் சரிதான், ஆனால் அத்தகைய செய்திக்கு அந்த வழி பொருந்தவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 28 அன்று 162 பேருடன் ஏர்ஏசியா விமானம் காணாமல்போனபோது, அக்குழுமத்தின் தலைவர் டோனி ஃபெர்னாண்டஸ் தம் சொந்தக் கணக்கில் தொடர்ந்து எழுதினார், விமானம் புறப்பட்ட இந்தோனேசிய நகரமான சுரபயாவுக்கு அன்றே சென்றார், நிறுவனத்தின் சிவப்புச் சின்னம் சமூக ஊடகங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறியது. அவருடைய பதிவுகளில் எழுத்து நயம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அவற்றை எழுத அவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை, அது வாசிப்பவருக்குத் தெரிந்தது.

எல்லா நிறுவனத் தலைவர்களும் அப்படி எழுத வேண்டும் என்று நான் பரிந்துரைக்க மாட்டேன். சிலரிடம் கைப்பேசியைக் கொடுக்காமல் இருப்பதே நெருக்கடி மேலாண்மை. அதற்கு மாறாக, நான் பணியாற்றும் இடங்களில் கேட்டுப் பெற முயல்வது எழுத்தில் ஓர் ஒப்புதல்: இன்னின்ன வகை நிகழ்வுகளில், முன்பே ஏற்றுக்கொள்ளப்பட்ட இந்த வரைவின் வெற்றிடங்களை நிரப்பி, பணியில் இருக்கும் அலுவலர் யாரையும் கேட்காமல் முதல் பதிவை வெளியிடலாம், இரண்டாவது பதிவுக்கு ஒருவரின் ஒப்புதல் போதும், காரணம், இழப்பீடு, பொறுப்பு ஆகியவற்றைத் தொடும் பதிவுகள் மட்டும் முழு வரிசையில் போகட்டும். இதில் சட்டப் பிரிவினர் எதிர்ப்பார்கள் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். அமைதியான நாளில், வரைவை நிதானமாகத் திருத்த அவகாசம் கொடுத்துக் கேட்டால், பெரும்பாலும் அவர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். தயங்குபவர்கள் துறைத் தலைவர்களே.

மென்பொருள் உருவாக்குபவர்களுக்கான தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனம் 2017 ஜனவரி 31 அன்று இதன் எல்லைக்கே போனது. பொறியாளர் ஒருவர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தை அழித்துவிட, மீட்புப் பணியின் குறிப்புகளை எவரும் பார்க்கும்படி திறந்து வைத்ததோடு, மீட்பையே யூடியூபில் நேரலையாக ஒளிபரப்பினார்கள். காப்புப் பிரதி எடுக்கும் வழிகள் பலவும் வேலை செய்யவில்லை என்பதையும் மறைக்கவில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரத் தரவு நிரந்தரமாகப் போயிற்று, ஆனால் பயனர்களிடமிருந்து வசவைவிட ஆதரவே மிகுதியாக வந்தது. பயனர்களும் பொறியாளர்களாக இருந்ததால் அது பலித்தது. மருத்துவமனையோ வங்கியோ அதைப் பின்பற்ற முடியாது, பின்பற்றவும் கூடாது. பின்பற்றத் தக்கது அவர்கள் முடித்த விதம். என்ன நடந்தது, ஏன் நடந்தது, எதை மாற்றுகிறோம் என்று விரிவான விளக்கத்தைச் சில நாட்களுக்குள் வெளியிட்டார்கள். பெரும்பாலான நிறுவனங்கள் கூச்சல் அடங்கியவுடன் ஓசையில்லாமல் பண்டிகை வாழ்த்துக்குத் திரும்பிவிடுகின்றன. முதல் பதிவில் ஒத்திப்போட்ட ஏன் என்ற கேள்வி அந்தப் பக்கத்தில் பதிலின்றி நிற்கிறது, அடுத்த நெருக்கடியில் முதல் பின்னூட்டமாக அதுவே மேலே வருகிறது.